கொப்பரையும் கூம்புத் தொட்டியும்

பரமத்தி வேலூர் தாண்டும்போது கரும்புச்சாறு காய்கிற வாசம் பேருந்துக்குள் ஏறும், சக்கைப் புகையும் லேசாகச் சுண்ணாம்பும் கலந்த வாசம், இப்போது வெள்ளைச் சர்க்கரை கொட்டி வெல்லம் காய்ச்சுகிறவர்களும் உண்டென்பதால் பழைய கனம் அதில் இல்லை, ஆனாலும் ஜேடர்பாளையத்து அப்பச்சியை, என் தாத்தாவை, நினைவில் எழுப்பிவிட அது போதும். வேட்டியை மடித்துக் கட்டி, அடுப்பு வெளிச்சத்தில் நுரை வெடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, "சக்கையைக் கொறைச்சுப் போடு சாமி" என்பார், பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார், உருண்டால் இறக்கு, கரைந்தால் காய்ச்சு, அந்தப் பதம் ஏறத்தாழ 118 டிகிரி என்று நான் படித்தது வெகுநாள் கழித்து. வெட்டிய கட்டையில் மறுபடி தழைத்த மறுதாம்புக் கரும்பு வந்தால் மட்டும் முதல் கொப்பரை முறுகிப்போகும், இரண்டாவதில் கை சரியாகிவிடும், முதல் கொப்பரையைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார்.

சேலத்தில் படித்தபோது ஆய்வகத்தில் ஒரு கூம்புத் தொட்டி இருந்தது. அதன் நீர்மட்டத்தைக் காக்கும் கன்ட்ரோலரின் கெய்னை ஏற்றிக்கொண்டே போய், மட்டம் ஓயாமல் ஊசலாடும் இடத்தைப் பிடித்து, அந்த ஊசலை அளந்து எண்களை வைப்போம், சீக்லரும் நிக்கோல்சும் 1942இல் சொன்ன வழி அது, ஆனால் குறுகலான அடியில் அளந்து வைத்த எண், தொட்டி அகலும் மேல்பகுதியில் சோம்பிக் கிடக்கும், அப்பச்சியின் மறுதாம்புக் கரும்பு எனக்கு அங்கேதான் விளங்கியது.

1987இல் ஓடத் தொடங்கிய மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, காலரெல்லாம் கரித்தூளாக நின்ற ஒரு பெரியவர் பாய்லர் டிரம்மைக் காட்டினார், மின்தேவை சட்டென்று ஏறினால் அழுத்தம் இறங்கி, நீருக்குள் குமிழிகள் பருத்து, மட்டம் உயர்ந்ததுபோல் காட்டும், உள்ளே தண்ணீரோ குறைந்துகொண்டிருக்கும், மட்டத்தை மட்டும் நம்புகிற கருவி ஊட்டுநீரையும் குறைத்துவிடும், அதனால்தான் போகிற நீராவியையும் வருகிற நீரையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அந்தப் பொய் ஏற்றம் ஏன் என்று சமன்பாடு சொல்லும், எத்தனை நொடி நீடிக்கும் என்பதை அந்தந்த பாய்லரைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது பிள்ளைகள் திரையை விட்டு எழுவதில்லை. ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் வறுக்கும் தட்டின் சூட்டைப் பதிந்த தரவோடு ஒரு தம்பி வந்தார், மென்பொருளே மாடலைக் கட்டிவிட்டது என்றார், அழகான கோடுதான், அத்தனையும் கோடையில் எடுத்தது. ஐப்பசியில் மாவு ஈரமாக வந்தால் அதை உலர்த்தவே எவ்வளவு சூடு போகும், கணக்குப் போட்டீங்களா என்றேன். "அதுக்கும் டேட்டா எடுத்துடலாங்க சார்" என்றார். எடுக்கட்டும், முதல் கொப்பரை முறுகும்.