வியர்வை சாட்சி சொல்லுமா?

உங்களில் எத்தனை பேருக்கு இந்த அனுபவம் உண்டோ அறியேன். வீட்டில் அளந்தால் ஒழுங்காக இருக்கும் என் இரத்த அழுத்தம், மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றியதுமே ஏறிவிடுகிறது. அவரிடம் நான் எதையும் மறைப்பதில்லை, அச்சம், அவ்வளவுதான். (அல்வா தின்றதை மட்டும் மறைத்ததுண்டு. அது வேறு கதை.)

அதே போன்ற பட்டையைச் சுற்றி, வேலை கேட்டு வந்தவன் மெய்யனா பொய்யனா என்று முடிவு கட்டும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. பாலிகிராப் எனப்படும் பொய் கண்டறியும் கருவியின் முன்னோடியை, 1921-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல்துறையில் ஜான் லார்சன் என்பவர் உருவாக்கினார். இன்றைய கருவியில் மார்பைச் சுற்றிய குழாய் மூச்சையும், கைப்பட்டை இரத்த அழுத்தத்தையும் நாடியையும், விரல்களில் மாட்டிய தகடுகள் வியர்வையையும் பதிவு செய்கின்றன. பொய்யைப் பதிவு செய்யும் உறுப்பு எதுவும் அதில் இல்லை. பொய்க்கென்றே தனியாக உடலில் ஓர் அடையாளம் தோன்றுவதுமில்லை.

இதைப் படித்தபோது என் பதினெட்டாம் வயது நினைவுக்கு வந்தது. கீழக்கரையிலிருந்து மதுரைக்கு வந்து, ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவுக்கு உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். ஓர் இரவு கணக்கில் தொள்ளாயிரம் ரூபாய் குறைந்தது. முதலாளி எங்கள் நால்வரையும் வரிசையாக உட்காரவைத்துக் கேட்டார். மற்ற மூவரும் நிதானமாக "இல்லை" என்றனர். என் முறை வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது; சட்டைக் கழுத்து நனைந்துவிட்டது. "உன் முகமே சொல்லுதே தம்பி" என்றார் அவர். மறுநாள் நான் ஊரில் இருந்தேன். வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அந்த முதலாளியின் கண் செய்ததைத்தான் கருவி கோடு போட்டுச் செய்கிறது என்பேன். அமெரிக்கத் தனியார் நிறுவனங்கள் பலவும் ஒருகாலத்தில் இதைப் பயன்படுத்தின. 1988-ல் வந்த சட்டம் பெரும்பாலான தனியார் முதலாளிகளுக்கு இதைத் தடை செய்தது. ஆனால் அரசுக்கு அத்தடை இல்லை. சி.ஐ.ஏ., எப்.பி.ஐ. போன்ற துறைகள் வேலைக்கு வருவோரை இன்றும் இதில் உட்கார வைக்கின்றன.

அந்நாட்டுத் தேசிய ஆய்வுக் கழகம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை, கருவிக்குச் சாதகமாகவே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிற்று. 10,000 ஊழியர்களில் 10 பேர் ஒற்றர்கள் என்று கொள்ளுங்கள். அவர்களில் 8 பேரையாவது பிடிக்கும் அளவுக்குக் கடுமையாகச் சோதித்தால், மொத்தம் 1,606 பேர் தோற்பார்கள். அதில் 1,598 பேர் குற்றமற்றவர்கள்! மீதி 2 ஒற்றர்களோ தேறிவிடுவார்கள். இது வெறும் ஏட்டுக்கணக்கன்று. சோவியத் நாட்டுக்கு இரகசியங்களை விற்ற சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் இச்சோதனையில் தேறியவர், 1994-ல்தான் கைதானார்.

நம் உச்ச நீதிமன்றம் 2010-ல், குற்ற விசாரணையில் ஒருவரது சம்மதமின்றி இச்சோதனையை நடத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. நல்லதே. எனினும் வேலை தேடி வந்தவனின் சம்மதம் எத்தகையது? மறுத்தால் வேலை இல்லை. சம்மதித்து வியர்த்தாலும் வேலை இல்லை.

எனக்காவது ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. பதினொரு நாள் கழித்து, இராமநாதபுரம் வியாபாரிக்குக் கடனாகக் கொடுத்த துணியின் தொகை ரொக்க வரவில் எழுதப்பட்டிருந்ததைக் கணக்குப்பிள்ளை கண்டுபிடித்தார். கருவியின் முன் தோற்றவனுக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது? களவே நடக்காத இடத்தில், தான் களவாடவில்லை என்று அவன் எதைக்கொண்டு மெய்ப்பிப்பான்?

முதலாளி ஆளனுப்பினார். வாப்பா என்னைத் திரும்பப் போகச் சொன்னார், போனேன். மேலும் ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தேன். கல்லாவை எண்ணும் ஒவ்வோர் இரவும் என் உள்ளங்கை வியர்த்துக்கொண்டுதான் இருந்தது.