தழைச்சத்தை அளந்து ஊட்டும் கைகள்

ஏலகிரி அடிவாரத்தில் உள்ள ஒரு பசுமைக்குடிலில் காலை வேலை உரத் தொட்டியருகே தொடங்குகிறது. வெள்ளரிச் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, சொட்டுக்குழாயில் வடிந்த நீரை ஒரு கிண்ணத்திலும், செடி நட்ட பைகளுக்கு அடியில் கசிந்த நீரை இன்னொரு கிண்ணத்திலும் பிடித்து வைத்திருந்தார். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் இசி மீட்டரை இரண்டிலும் முக்கினார். உள்ளே போன நீர் 1.8, வெளியே வந்தது 2.6. “செடி உப்பை விட்டுட்டுத் தண்ணியைத்தான் அதிகமா குடிச்சிருக்கு சார். இன்னைக்கு வெயில் ஏறும், உரத்தைக் கொஞ்சம் இளக்கி விடணும்” என்றார். முன்பு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவர்.

இங்கே மண் கிடையாது. பைகளில் தென்னை நார்க்கழிவு மட்டும்தான். வயலில் யூரியா போட்டால், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும். கூடக் குறைய போட்டாலும் மண் ஓரளவு தாங்கிக்கொள்ளும். நார்க்கழிவில் அந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் யூரியா இங்கே உதவாது; தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவே கொடுக்க வேண்டும். அம்மோனியம் மொத்தத் தழைச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். தாண்டினால் வேர்ப்பகுதியில் புளிப்பு ஏறும், கால்சியம் ஏறுவது தடைப்படும். தக்காளியிலும் குடைமிளகாயிலும் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெயில் காலத்தில் வேருக்குக் காற்று குறையும்போது இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

கணக்கு எளிமையானதுதான், ஆனால் தவறக் கூடாது. ஆயிரம் லிட்டர் நீரில் 700 கிராம் கால்சியம் நைட்ரேட்டும் 400 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டும் கரைத்தால், லிட்டருக்குச் சுமார் 160 மில்லிகிராம் தழைச்சத்து கிடைக்கும். கால்சியம் நைட்ரேட்டுக்கு ‘ஏ’ தொட்டி. மெக்னீசியம் சல்பேட்டுக்கும் மணிச்சத்துக்கும் ‘பி’ தொட்டி. அடர்கரைசலாக இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகப் படிந்து சொட்டுவான்களை அடைத்துவிடும். அதனால் இரண்டு தொட்டிக்கும் வேறு வேறு வாளி, வேறு வேறு கோல்.

இந்த வட்டாரத்தில் கணக்கைக் கடினமாக்குவது தண்ணீர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாகிப்போனது ஊரறிந்த செய்தி. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்பளித்ததும் இதற்காகத்தான். தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பின் குளோரைடு, வேருக்குள் நுழைவதில் நைட்ரேட்டோடு போட்டி போடும். தழைச்சத்து தொட்டியில் நிறைய இருந்தும் செடி பசியோடு நிற்கும். அதனால் இந்தக் குடிலின் உரிமையாளர் கூரை மழைநீரைத் தார்ப்பாய் விரித்த குட்டையில் சேமித்து, கிணற்று நீரோடு கலந்தே பயன்படுத்துகிறார்.

கிணற்று நீரின் பைகார்பனேட்டைக் குறைக்க நைட்ரிக் அமிலம் ஊற்றுகிறார்கள். அதிலும் தழைச்சத்து இருக்கிறது. 60 சதவீத அமிலம் 200 மில்லியை ஆயிரம் லிட்டரில் விட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 36 மில்லிகிராம் கூடிவிடும். அதைக் கழித்துக்கொண்டுதான் அக்கா மூட்டையைப் பிரிக்கிறார். கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீரில் அமிலத்தை மெல்ல ஊற்றுகிறார். அமிலத்தில் ஒருபோதும் தண்ணீரை ஊற்றுவதில்லை.

மீட்டர் சொல்லாததைச் செடி சொல்கிறது. தழைச்சத்து குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும். செடி அதிலிருந்து சத்தை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். மிஞ்சினால் இலை கருகருவென்று பெருத்து, தண்டு தடித்து, காய்ப்பு தள்ளிப்போகும். இலையை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தே அக்கா இதைச் சொல்லிவிடுகிறார். இந்தச் சாகுபடிக்கு வழிகாட்டத் திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் இந்தோ–இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. குடில்களுக்கு அரசு மானியமும் கிடைக்கிறது. ஆனால் தினமும் அளந்து ஊட்டும் இந்தத் தொழிலாளிகளைக் கூலியாட்களாகத்தான் பதிவேடு பார்க்கிறது. தேர்ந்த கைத்தொழில் இது. அதற்குரிய சம்பளமும் சான்றிதழும் இவர்களுக்குச் சேர வேண்டும்.

இதைவிட அவசரமான விஷயம் கசிவுநீர். ஊற்றும் நீரில் கால் பங்கு வரை வெளியே வடிய விட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் பைக்குள் உப்பு தேங்கும். லிட்டருக்கு 160 மில்லிகிராம் தழைச்சத்து என்றால், நைட்ரேட்டாக அது சுமார் 700 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணய அமைப்பு வைத்திருக்கும் வரம்பு 45. இங்கே கசிவுநீரை வாய்க்கால் வழியாகத் தொட்டியில் சேர்த்து, தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் அளவோடு பாய்ச்சுகிறார்கள். எல்லாக் குடில்களிலும் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று மானியம் தரும் அதிகாரிகள் கேட்க வேண்டும். பாலாற்று மண் ஒரு தொழிலின் கழிவை ஏற்கெனவே சுமக்கிறது. புதிதாகக் குடில் போடும் நண்பர்களே, நார்ப்பை வாங்குவதற்கு முன் கசிவுநீர் போகும் வழியைத் தீர்மானியுங்கள்.