ஜாமெட்ரி பாக்ஸ் போதும் என்று காட்டியவருக்கு

மதிப்பிற்குரிய ராமானுஜன் அவர்களுக்கு,

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். செய்முறை வடிவியல் தொடங்கினாலே, "மார்க்குக்குத்தானே மிஸ் இதெல்லாம்?" என்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. நீங்கள் வரைந்த ஒரு படத்தை வரையச் சொல்கிறேன். அந்தப் படத்துக்காகவே இந்த நன்றி மடல்.

1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வட்டத்தைச் சதுரமாக்குவது பற்றிச் சிறு குறிப்பு எழுதினீர்கள். வட்டத்தின் பரப்புக்கு அச்சுப் பிசகாமல் சமமான சதுரத்தை அளவுகோல், கவராயம் கொண்டு வரையவே முடியாது. பை ஒரு விஞ்சிய எண் என்று 1882-இல் லிண்டமன் நிறுவியதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் எவ்வளவு நெருங்கலாம்? சீனத்து சூ சோங்ஜி 5-ஆம் நூற்றாண்டிலேயே பைக்கு நெருக்கமாகக் கண்ட 355/113 என்ற பின்னத்தை நீங்கள் கோடுகளாலேயே வரவழைத்தீர்கள்.

விட்டத்தின் ஒரு பாதியை இரண்டாக வெட்டுகிறோம், மறுபாதியை மூன்றாக. மூன்றில் கடைசிப் பங்கு தொடங்கும் புள்ளியில் வட்டம் வரை ஒரு செங்குத்து. அந்த நீளத்தைக் கவராயத்தில் எடுத்து, விட்டத்தின் முனையிலிருந்து நாணாக வைக்கிறோம். அப்புறம் சில இணைகோடுகள், இன்னொரு நாண், ஒரு தொடுகோடு. எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் படிக்காத வேலை ஒன்றுகூட அதில் இல்லை. கவராயத்தின் திருகு மட்டும் தளர்ந்திருக்கக் கூடாது. பென்சிலை நன்றாகச் சீவியிருக்க வேண்டும்.

வரைந்து முடித்ததும் ஆரத்தை 1 என்று வைத்து, பிதாகரஸ் தேற்றத்தைப் போடச் சொல்வேன். ஒரு கோட்டின் வர்க்கம் 113/36. இன்னொன்றின் வர்க்கம் 355/81. அந்த இரண்டு எண்களும் தங்கள் கையாலேயே நோட்டில் வந்து விழும்போது பிள்ளைகள் மார்க்கை மறந்துவிடுகிறார்கள். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்றாலும் சதுரத்தின் பக்கம் ஓர் அங்குலம் அளவுக்குத்தான் கூடுதலாக வரும் என்று நீங்களே எழுதியிருப்பதை அப்போதுதான் சொல்வேன், முன்னால் அல்ல.

நீங்கள் குடியிருந்த திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெரு எங்களுக்கு ஷேர் ஆட்டோ தூரம். துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தவர் இந்தப் படத்தின் சொந்தக்காரர் என்றால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

1914-இல் நீங்கள் வெளியிட்ட, பையை இன்னும் நெருங்கும் வரைமுறையை இந்தக் கோடை விடுமுறையில் வரையப்போகிறோம்.

நன்றியுடன்,
மயிலாப்பூர் கணக்கு ஆசிரியை