தேன் பெட்டியின் முகப்பு

தேனீ வளர்க்கும் பெட்டிக்குப் படம் எழுதும் வழக்கம் ஸ்லோவேனியாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் வேரூன்றியது. அது வேரூன்றிய மலையடிவாரப் பகுதிக்கு அன்று கார்னியோலா என்று பெயர். ஹாப்ஸ்பர்க் அரசின் ஒரு மாகாணம். அங்கே புழங்கிய ‘கிரான்யிச்’ என்னும் பெட்டி எளிமையான மரப்பெட்டி. ஏறக்குறைய 70 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். தனியாக வைத்தால் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் விவசாயிகள் அதைத் தனியாக வைப்பதில்லை. பத்து, இருபது பெட்டிகளை வரிசையாக அடுக்கி, பின்னும் பக்கமும் பலகை அடைத்து, மேலே சாய்வுக் கூரை போட்டு, வெயில் விழும் திசை நோக்கி நிறுத்துவார்கள். இப்படி அடுக்கியபின் பெட்டியில் வெளியே தெரிவது தேனீக்கள் போய்வரும் வாசல் உள்ள முன்பலகை ஒன்றுதான். இரண்டு சாண் அகலம்கூட இல்லாத அந்த இடத்தில்தான் ஓவியம் ஏறியது.

ஆண்டு குறிக்கப்பட்டு இன்று எஞ்சியுள்ள பலகைகளில் மிகப் பழையது 1758ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1820க்கும் 1880க்கும் இடைப்பட்ட காலம் இந்தக் கலையின் பொற்காலம். அறுநூறுக்கும் மேற்பட்ட கருப்பொருள்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. தொடக்கத்தில் சமயப் படங்களே மிகுதி: குழந்தையுடன் மரியாள், எரியும் வீட்டின்மேல் தண்ணீர் ஊற்றும் புனித ஃபுளோரியன், புண்ணோடு உட்கார்ந்திருக்கும் யோபு. பிறகு கிராமத்துக் கேலி உள்ளே நுழைந்தது. ஒரு பலகையில் பெண்ணின் நாக்கைச் சாணைக்கல்லில் வைத்துத் தீட்டுகிறது பிசாசு. இன்னொன்றில் கிழவிகளை ஓர் ஆலைக்குள் போட்டு அரைக்க, மறுபக்கம் குமரிகளாக வெளியே வருகிறார்கள். மிகவும் விரும்பப்பட்டது வேட்டைக்காரனின் சவ ஊர்வலம். செத்த வேட்டைக்காரனைக் காட்டு விலங்குகளே தோளில் தூக்கிப் போகின்றன. ஒன்றின் முகத்திலும் துக்கம் இல்லை. சமயப் படங்களில் கை தேர்ந்த ஓவியனின் சாயல் தெரியலாம். ஆனால் உயிர் இருப்பது இந்தக் கேலிப் படங்களில்தான்.

எழுதியவர்களில் பலர் பெயர் தெரியாத நாட்டுப்புறக் கைகள். தேவாலயங்களுக்குப் படம் எழுதிய பட்டறைகளும் இந்த வேலையை ஏற்றன. கிரான் நகரத்து லியோபோல்ட் லாயரின் பட்டறை அவற்றுள் பேர்பெற்றது. மண் நிறமிகளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, பலகைமேல் பூசினார்கள். அந்த எண்ணெய் காய்ந்து இறுகும் தன்மையும், மேலே நீட்டிய கூரை தந்த நிழலும் சேர்ந்து, மழையும் பனியும் உள்ள நாட்டில் வெட்டவெளியில் நின்ற படங்களை நூறாண்டுக்கு மேல் காப்பாற்றியிருக்கின்றன.

தூரிகையும் தேனீயும் ஒரே ஆளிடம் சேர்ந்ததும் உண்டு. அன்டோன் யான்ஷா (1734–1773) கார்னியோலாவின் பிரெஸ்னிட்சா கிராமத்தவர். ஓவியம் கற்க வியன்னாவுக்குப் போனவரை மரியா தெரசா அரசி தேனீ வளர்ப்பு ஆசிரியராக அமர்த்தினார். கூட்டம் பிரிந்து போவதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1771இல் வெளிவந்தது. மே 20ஆம் தேதியை உலகத் தேனீ நாளாக ஐ.நா. 2017இல் அறிவித்தது அவர் நினைவாகத்தான்.

இத்தனை படங்களும் மனிதக் கண்ணுக்கு மட்டும்தானா? முழுக்க அப்படி இல்லை. ஒரே மாதிரிப் பெட்டிகள் நெருக்கமாக வரிசையில் நின்றால், மகரந்தம் சுமந்து திரும்பும் வேலைக்காரத் தேனீ பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடும். முதல்முறை கூட்டைவிட்டு வெளியே பறக்கும் ராணி தவறான பெட்டிக்குத் திரும்பினால் இழப்பு இன்னும் பெரிது. அங்குள்ள தேனீக்கள் அவளைக் கொன்றுவிடும், சொந்தக் கூடு ராணியின்றி அழியும். வாசலைச் சுற்றிய நிறம் வேறுபட்டால் இந்தக் குழப்பம் குறைகிறது. தேனீக்கு நிறம் தெரியும் என்பதை ஆய்வாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914இல் வெளியிட்ட சோதனைகளில் காட்டினார். சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே நீல அட்டையை அவை தப்பாமல் கண்டுபிடித்தன. ஆனால் தேனீயின் நிற உலகம் வேறு. சிவப்பு அதற்குக் கறுப்பாகவே படும். நமக்குத் தெரியாத புற ஊதா அதற்குத் தெரியும். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் ஈய வெள்ளையும் துத்தநாக வெள்ளையும் தேனீக்கு இரண்டு வெவ்வேறு நிறங்கள். முன்னது புற ஊதாவைத் திருப்பி அனுப்பும், பின்னது விழுங்கிவிடும். ஆகவே நிறத்திட்டுகள் தேனீக்கு உதவும். வேட்டைக்காரனின் சவ ஊர்வலம் உடையவருக்கும் வழிப்போக்கருக்கும்தான். தம் பெட்டிகளில் எதிலிருந்து கூட்டம் பிரிந்தது என்று வீட்டார் பேசிக்கொள்ளவும் படம் வசதியாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரான்யிச் பெட்டி விலகிப் போனது. அன்டோன் ஷ்னிதெர்ஷிச் (1874–1947) வடிவமைத்த பெட்டி அதன் இடத்தைப் பிடித்தது. அதில் தேனடை தாங்கும் சட்டங்களைப் பின்பக்கத்திலிருந்து, அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதுபோல், உருவி எடுக்கலாம். முன்பக்கம் இன்றும் வண்ணமாகத்தான் இருக்கிறது. பழைய பலகைகளைக் காண ராடோவ்லிட்சா ஊரில் 1959இல் தொடங்கிய தேனீ வளர்ப்பு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்து அலங்காரத்துக்கு வேறு வழி கண்டது. வில்லியம் புரோட்டன் கார் 1890இல் உருவாக்கிய, அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் டபிள்யூ.பி.சி. என்று வழங்கும் பெட்டிக்கு இரட்டைச் சுவர். உள்ளே சட்டங்கள் தொங்கும் சாதாரணப் பெட்டிகள். வெளியே சாய்வாக விரியும் வெள்ளை அடுக்குகள், தலையில் முக்கோணக் கூரை. வாழ்த்து அட்டைகளிலும் தேன் குப்பிகளிலும் அச்சாகும் தேன்கூடு பல நேரங்களில் இதுதான். அழகுக்கு விலை உண்டு: ஒவ்வொரு முறை பரிசோதிக்கும்போதும் வெளி அடுக்குகள் எல்லாவற்றையும் கழற்றி வைத்த பிறகே உள்பெட்டியில் கை வைக்க முடியும். இரண்டு பெட்டிகள் வைத்திருப்பவருக்கு இது பொழுதுபோக்கு. இருநூறு வைத்திருப்பவர் பக்கத்திலேயே போகமாட்டார்.

இன்று கொல்லையில் ஒன்றிரண்டு பெட்டி வைப்போருக்காக அலங்காரப் பெட்டி செய்யும் தச்சர்களும் இந்த இரண்டு மரபுகளிலிருந்தே எடுக்கிறார்கள். செப்புத்தகடு வேய்ந்த கூரை, செதுக்கிய முகப்பு, வீட்டின் நிறத்துக்கே தீட்டிய சுவர் என்று கேட்பவர் விருப்பம் எதுவானாலும் உள்ளளவு மாறக்கூடாது. தேனீ வளர்ப்பாளர் லாங்ஸ்ட்ராத் 1851இல் கண்டறிந்து மறு ஆண்டு காப்புரிமை பெற்ற பெட்டி, சட்டங்களைச் சுற்றி விடும் ஓர் இடைவெளியின்மேல் நிற்கிறது: ஐரோப்பியத் தேனீக்கு ஏறக்குறைய 6 முதல் 9 மி.மீ. அதைவிடக் குறைந்த இடைவெளியைத் தேனீ பிசினால் அடைத்துவிடும். கூடினால் அங்கே அடை கட்டிவிடும். இரண்டில் எது நடந்தாலும் சட்டம் அசையாது. இந்தியத் தேனீ உருவில் சிறியது. தென்னிந்தியாவில் பரவிய நியூட்டன் பெட்டியின் சட்டங்களும் அதனால் சிறியவை. ஐரோப்பியப் பெட்டியின் வரைபடத்தை அப்படியே இங்கே அறுப்பது வீண்வேலை.

கூரையில் பலர் சறுக்குகிறார்கள். தட்டைக் கூரைக்கு ஒரு பயன் இருக்கிறது: கழற்றித் தரையில் குப்புறக் கவிழ்த்தால், மேலிருந்து இறக்கும் தேன் பெட்டியை அதன்மேல் வைக்கலாம். தேன் நிறைந்த மேல்பெட்டி இருபது கிலோவுக்கும் மேல் கனக்கலாம். அதைக் கையில் பிடித்தபடி, தலையைச் சுற்றித் தேனீ பறக்க, இடம் தேடுவது இயலாத காரியம். முக்கோணக் கூரை கவிழ்த்தால் நிற்காது. அழகான கூரை கேட்பவருக்குத் தனியாக ஒரு தாங்குசட்டமும் செய்து கொடுப்பதே முறை. செதுக்கு வேலையிலும் ஒட்டுச் சட்டங்களிலும் இதே கவனம் வேண்டும். மேல்விளிம்பு வெளிப்புறமாகச் சாயாவிட்டால் மழைநீர் அங்கே தங்கி, முதலில் மக்குவது அலங்காரமாகத்தான் இருக்கும். கைப்பிடிக் குழியை மறைக்கும் பூவேலை வேண்டவே வேண்டாம்.

வண்ணம் வெளிப்புறத்தோடு நிற்க வேண்டும். உட்சுவர் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருக்கட்டும். தேவையானதைத் தேனீக்களே பிசினால் பூசிக்கொள்ளும். பூச்சி அரிக்காமல் இருக்க மரத்துக்கு ஏற்றும் மருந்தில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தால் அது தேனீயையும் கொல்லும். வெளியே ஆளிவிதை எண்ணெய் வண்ணமோ, தண்ணீர் கலந்து பூசும் வெளிப்புற வண்ணமோ போதும்; வாடை முற்றாகப் போகும்வரை பெட்டியைக் காற்றாட விட வேண்டும். அடர்நிறம் வெயிலை இழுக்கும் என்பதால் வெப்பநாட்டில் வெளிர்நிறமே நல்லது. முகப்பு ஓவியத்தைக் கூட்டம் குடிபுகுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். குடியேறிய பிறகு வாசல் பக்கத்தின் நிறத்தை மாற்றினால், வெளியே போன தேனீக்கள் திரும்பி வந்து சொந்த வீட்டின் முன்னாலேயே தயங்கிச் சுற்றும். பழைய படம் மங்கிப்போய் மறுபடி எழுத நேர்ந்தால், குளிர்நாடுகளில் தேனீக்கள் வாரக்கணக்கில் வெளியே வராத மாதங்களே அதற்கு ஏற்றவை. நீண்ட அடைப்புக்குப் பின் முதல்முறை பறக்கும்போது அவை வாசலை நோக்கித் திரும்பி நின்று, இடத்தைப் புதிதாகப் பார்த்து வைத்துக்கொள்கின்றன.