ஏழு மில்லிமீற்றர்

புற்றுநோய் என்ற சொல்லை எம்மவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அந்த வருத்தம்' என்பார்கள். ஊரில் ஒருவரை மகரகமவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றால் அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. அந்தப் பயத்தையும் சுமந்துகொண்டுதான் நாங்கள் பாரிஸுக்கு வந்து சேர்ந்தோம்.

நாங்கள் என்றால், ஒரு ரெஸ்ரோரண்டின் நிலவறைச் சமையலறையில் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் பிழைக்கிற ஐந்து பேர். எல்லோருக்கும் மூத்தவ அக்கா, வயது ஐம்பத்தாறு. கழுத்து இரத்தக்குழாயைப் பார்க்க எடுத்த ஸ்கானில், அவவின் தைரொயிட் சுரப்பியில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. ஊசி குத்திப் பார்த்தார்கள். பப்பிலரி வகைப் புற்றுநோய். 7 மில்லிமீற்றர், ஒரு கடலையிலும் சிறிது.

கம்பஸ் படிப்பை இடையில் விட்டுவந்தவர்கள் என்பதால் மொழிபெயர்ப்பு எங்கள் தலையில் விழுந்தது. டொக்டர் ஒரே மூச்சில் இரண்டு செய்திகள் சொன்னார்: இது புற்றுநோய், அவசரமில்லை. அக்காவின் காதில் முதற்பாதி மட்டுமே விழுந்தது. "வெட்டி எறியச் சொல்லுங்கோ தம்பியவை" என்றா.

வேலை முடிந்த இரவுகளில் தேடி வாசித்தோம். 1985 இல் பின்லாந்தில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைரொயிட்டை நுணுக்கமாக வெட்டிப் பார்த்தபோது 36 பேரிடம் இந்தப் புற்றுநோய் இருந்திருக்கிறது. தென்கொரியாவில் 1999க்குப் பிறகு, வருத்தம் இல்லாதவர்களுக்கும் கழுத்து ஸ்கான் எடுப்பது பரவியது. 2011 இல் கண்டுபிடிக்கப்பட்ட தைரொயிட் புற்றுநோய் வீதம் 1993 இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. இறப்பு வீதமோ மாறவில்லை.

ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனையில், அகிரா மியாவுச்சி என்ற மருத்துவரின் யோசனைப்படி 1993 இல் ஒரு முயற்சி தொடங்கியது. 1 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டிகளை வெட்டாமல், ஒழுங்காக ஸ்கான் எடுத்துக் கண்காணிப்பது. 1235 பேரைப் பற்றி 2014 இல் எழுதினார்கள். பத்தாண்டுகளில் கட்டி 3 மில்லிமீற்றராவது வளர்வது நூற்றுக்கு எட்டுப் பேருக்கு. கழுத்து நிணநீர்க்கணுவுக்குப் பரவுவது நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. இந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. வளர்ந்தபின் வெட்டியவர்களும் நலமாக இருந்தார்கள். வயது கூடியவர்களில் வளர்ச்சி இன்னும் குறைவு. நாற்பதுக்குட்பட்டவர்களில் சற்று அதிகம்.

வெட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. குரல் நரம்பு சுரப்பியை ஒட்டி ஓடுகிறது. கல்சியத்தைக் காக்கும் சிறு சுரப்பிகள் அதன் பின்னால் இருக்கின்றன. முழுச் சுரப்பியையும் எடுத்தால் வாழ்நாள் முழுக்கத் தினமும் தைரொக்சின் குளிசை. இவ்வளவு சிறிதென்றால் பாதியை எடுத்தாலே போதும், கதிரியக்க அயோடினும் பொதுவாகத் தேவையில்லை என்றும் டொக்டர் சொன்னார்.

குரல் நரம்பு என்றதும் அக்கா நிமிர்ந்தா. அவவின் மகன் கிளிநொச்சியில். பதினொரு வருடமாக அவனுக்குத் தாய் என்பது ரெலிபோனில் கேட்கிற குரல்தான். அந்த நரம்பு நிரந்தரமாகப் பழுதாவது அரிது என்று டொக்டர் சொல்ல, நாங்களும் சொன்னோம். "அரிதெண்டாலும் இப்ப ஏன்?" என்று கேட்டா. அதற்குப் பிறகு அவவே முடிவெடுத்தா.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருந்தால், நிணநீர்க்கணுவில் தெரிந்தால், கலங்கள் மூர்க்கமான வகையென்றால் வெட்டத்தான் வேண்டும். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ குரல் மாறினாலோ டொக்டரிடம் போகாமல் இருக்கவும் கூடாது. ஒரு குறையுமில்லாமல் கழுத்து ஸ்கான் கேட்டு வரிசையில் நிற்பதுதான் வேண்டாத வேலை.

ஆறு மாதத்தில் எடுத்த ஸ்கானிலும் அதே 7 மில்லிமீற்றர். அக்காவுக்கு இரவில் பயம் வராமல் இல்லை. சில நாட்களில் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே கோப்பை கழுவுகிறா.

உங்களில் யாருக்காவது இப்படிச் சொல்லப்பட்டால், எத்தனை மில்லிமீற்றர், எந்த இடத்தில், நிணநீர்க்கணுவில் ஏதும் உண்டா என்று கேளுங்கள். மொழிபெயர்க்கப் போகிறவர்கள், டொக்டர் அவசரமில்லை என்று சொல்லியிருந்தால், அதை முதலில் சொல்லுங்கள்.