ஒரே ஒரு சீசன்

'சீசன்' என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பதையே தமிழர்கள் மறந்துவிட்டார்கள். குற்றால சீசன், மாம்பழ சீசன், சபரிமலை சீசன், டிசம்பர் சங்கீத சீசன். எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இந்த ஆண்டு தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரும். சாரல் குறையலாம், விலை ஏறலாம், ஆனால் வராமல் போகாது. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த பழைய இலக்கணக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. முல்லைத் திணைத் தலைவி கார்காலத்துக்காகக் காத்திருப்பது மழையில் நனைவதற்காக அல்ல. கார் தொடங்கும்போது திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்காக.

விளையாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கிறவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். 'பருவம்' என்று எழுதினால் பாடப்புத்தகம் போல இருக்கிறது. 'சீசன்' என்றே விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரே ஒரு முறை வந்து, திரும்பி வராமலே போன ஒன்றை என்னவென்று சொல்வது? 2012-ல் நடந்த வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் இடறுகிறது.

அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று டெல்லியில் இந்திய அணி பிரான்ஸை 8-1 என்று தோற்கடித்து லண்டன் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் போகவே முடியாத அவமானத்துக்குப் பிறகு கிடைத்த ஆறுதல். மூன்றே நாள் கழித்து, பிப்ரவரி 29 அன்று, இந்த லீக் தொடங்கியது. எட்டு அணிகள், 59 ஆட்டங்கள். ஆட்டத்தின் 70 நிமிடத்தை நான்காகப் பிரித்திருந்தார்கள். அதற்கு முன்பு 2005 முதல் 2008 வரை நடந்த பிரீமியர் ஹாக்கி லீக்கில், அணியின் பெயரில் ஊர் இருக்கும். ஆட்டமோ பெரும்பாலும் வேறு ஊரில் நடக்கும். இந்த லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் சொந்த மைதானம் இருந்தது. சென்னை சீட்டாஸ் எழும்பூரில் ஆடியது. கர்நாடக லயன்ஸ் பெங்களூர் அக்கித்திம்மனஹள்ளி மைதானத்தில் ஆடியது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த எனக்கு அது பெரிய வசதி. அங்கிருந்து ஓசூர் சாலையிலேயே நேராகப் போய் சாந்திநகரில் இறங்கினால் நடந்து போய்விடலாம். 2010-ல் திறந்த மேம்பாலச் சாலை சில்க் போர்டு வரை பறக்கவிடும், அதற்கப்புறம் நத்தை. இன்று மஞ்சள் வழித்தட மெட்ரோ எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகவே போகிறது. அன்று ஆட்டம் பார்க்க வேண்டுமானால் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லியாக வேண்டும்.

என்னோடு வந்தவர் கோவில்பட்டிக்காரர். ஒரு கம்பெனியின் வாகனப் பிரிவில் சூப்பர்வைசர். எந்த வேன் எந்த ஷிஃப்ட்டுக்கு என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பார். கல்லூரி நாட்களில் ஹாஃப் பேக் ஆடியவர். கோவில்பட்டியில் பிறந்துவிட்டு ஹாக்கி மட்டையைத் தொடாமல் இருப்பது மாட்டுப்பொங்கலன்று மாட்டைத் தொடாமல் இருப்பது மாதிரி என்பார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கர்நாடக லயன்ஸ் - சென்னை சீட்டாஸ் ஆட்டத்துக்குத் தன் அக்கா மகனை மைசூர் எக்ஸ்பிரஸில் வரவழைத்திருந்தார். பையனுக்குப் பதினேழு வயது. ஊரில் தினமும் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருப்பவன்.

அன்று எங்களுக்குச் சங்கடம், யாருக்குக் கை தட்டுவது என்பதில். சம்பளம் தரும் ஊர் பெங்களூர். பிறந்த ஊர் தமிழ்நாடு. கர்நாடக அணிக்கு கூர்க்கில் பிறந்த அர்ஜுன் ஹாலப்பா கேப்டன். அதே அணியில் தன்ராஜ் பிள்ளை. நான்கு ஒலிம்பிக்ஸ், நான்கு உலகக் கோப்பை ஆடிய தன்ராஜுக்கு அப்போது வயது 43. புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உடைந்த மட்டைகளை ஒட்டி ஆடிப் பழகியவர். எதிரே சென்னை அணிக்கு ஆஸ்திரேலியாவின் பிரென்ட் லிவர்மோர் கேப்டன். பெனால்டி கார்னர் அடிப்பவர் பாகிஸ்தானின் இம்ரான் வார்ஸி. ஒரு தமிழர் கர்நாடகத்துக்கு, ஒரு பாகிஸ்தானியர் சென்னைக்கு. "காவிரித் தண்ணியையும் இவங்ககிட்டயே விட்டுடலாம் தம்பி" என்றார் அண்ணாச்சி.

ஸ்டேடியம் நிரம்பவில்லை. ஆனால் வந்திருந்தவர்களுக்கு ஹாக்கி தெரிந்திருந்தது. ஒருவர் பந்தைத் தள்ளும்போதே, "எடது பக்கம் ஆளில்ல பாரு" என்று தமிழிலும் கன்னடத்திலும் குரல் வரும். தன்ராஜ் பந்தோடு கிளம்பியபோது எழுந்து நின்றவர்களில் பாதிப்பேர் அவரை இளைஞராகப் பார்த்தவர்கள். மற்ற பாதி அண்ணாச்சியின் மருமகன் மாதிரிப் பையன்கள். அவர்கள் பார்த்தது வேறு. ஜெர்ஸியில் ஊர்ப் பெயர், டிவி கேமரா, ஒரு பக்கம் வெளிநாட்டு ஆட்டக்காரர், இதற்கெல்லாம் சம்பளம். அதுவரை அந்தப் பையன் அறிந்த ஹாக்கியின் உச்சம் ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. வேலைக்காக ஹாக்கி. ஹாக்கியே வேலையாக இருக்கலாம் என்று அவன் முதல்முறையாக யோசித்தது அந்த கேலரியில்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் கேட்டது ஒரே கேள்வி: "அடுத்த சீசன் எப்ப மாமா?"

ஏப்ரல் 2 அன்று மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஷேர்-இ-பஞ்சாப் 5-2 என்று புனே ஸ்ட்ரைக்கர்ஸை வென்றது. இரண்டாவது சீசன் டிசம்பரில் என்று அறிவிப்பு வந்தது. பிறகு தள்ளிவைத்தார்கள். பிறகு பேச்சே இல்லை. பிப்ரவரி 29-கூட நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

காரணங்கள் ரகசியமல்ல. லீக்கை நடத்தியவை இந்திய ஹாக்கி சம்மேளனமும் நிம்பஸ் நிறுவனமும். சர்வதேசச் சம்மேளனம் அங்கீகரித்திருந்ததோ எதிர்த் தரப்பான ஹாக்கி இந்தியாவை. எனவே இது அனுமதியில்லாத போட்டி. இதில் ஆடினால் இந்திய அணியின் கதவு மூடிக்கொள்ளும் என்பது தெரிந்தேதான் பலர் ஆடினார்கள். சீசன் முடிந்தபின், பேசிய பணம் முழுதாக வரவில்லை என்று பல ஆட்டக்காரர்கள் பத்திரிகைகளிடம் குறைப்பட்டார்கள். இரண்டு யானைகள் மோதினால் புல்லுக்குத்தான் சேதம் என்பார்கள். இங்கே அது செயற்கைப் புல்.

வெளிநாட்டில் சிறிய லீக் என்றால் வேறு அர்த்தம். அமெரிக்காவில் பனி ஹாக்கியில் இசிஹெச்எல் என்று ஒன்று இருக்கிறது. புகழ்பெற்ற என்ஹெச்எல்லுக்கு இரண்டு படி கீழே. 1988-ல் ஐந்து அணிகளோடு தொடங்கியது, இன்னும் நடக்கிறது. சாதாரண ஊர்கள், இரவெல்லாம் பஸ் பயணம், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஓர் அணிக்கு 72 ஆட்டம். சம்பளம் பெரிதல்ல. ஆனால் வாரா வாரம் வரும். தங்க வீடு கொடுப்பார்கள். பேரம் பேச 1967-ல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. அணிகள் மூடப்படுவதும் ஊர் மாறுவதும் அங்கும் உண்டு. ஆனால் லீக் அக்டோபரில் வந்துவிடும். அங்கே ஆடும் பெரும்பாலோர் மேலே போகப்போவதில்லை என்பது அவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அப்பா கூட்டிப்போன மைதானத்துக்கு மகன் தன் மகனைக் கூட்டிப்போகிறான்.

ரசிகன் என்பவன் முதல் சீசனில் உருவாவதில்லை என்பது என் கட்சி. முதல் ஆண்டு வருவது வேடிக்கை பார்க்க. இரண்டாம் ஆண்டு வரும்போதுதான் போன வருடம் தவறவிட்ட பெனால்டி ஞாபகத்துக்கு வரும்; 'நம்ம டீம்' என்ற சொல் வாயில் வரும். ஆட்டக்காரனுக்கும் அப்படியே. ஒரு வருடப் பணம் அதிர்ஷ்டம். அடுத்த வருடமும் வந்தால்தான் அது தொழில்.

2013-ல் ஹாக்கி இந்தியா தன் சொந்த லீக்கைத் தொடங்கியது. 2017 வரை நடந்தது. அதில் சென்னையும் இல்லை, பெங்களூரும் இல்லை. ஏழாண்டு இடைவெளிக்குப் பின் 2024 டிசம்பரில் அது மீண்டும் தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஓர் அணி வந்தது. பெங்களூருக்கு அப்போதும் இடமில்லை. 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையிலேயே இந்தியாவுக்கு ஆடிவிட்டார்கள். எனவே ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

ஆனால் 2012-ல் பதினேழு வயதாக இருந்தவர்கள் நடுவில் ஒரு தலைமுறை. பையன் இரண்டு ஆண்டு காத்திருந்தான். பிறகு டிப்ளமோ முடித்து, எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். இப்போது அவனும் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கெட்டுப்போகவில்லை, நன்றாகவே இருக்கிறான். எங்கள் பக்கத்தில் வலைகட்டிய கிரிக்கெட் திடல்கள் நிறைய. ஹாக்கிக்கு நான் ஒன்றும் பார்த்ததில்லை. அவன் மட்டை வீட்டில் அலமாரி மேல் இருக்கிறது.

டிராகன்ஸ் ஆட்டத்தை டிவியில் சேர்ந்து பார்த்தோம். முதல் பகுதி முடிவதற்குள், எந்தப் பையன் பந்தை விடத் தாமதிக்கிறான் என்று சொல்லிவிட்டான். பக்கத்தில் அவன் மகள், நான்கு வயது. பச்சைப் புல்லில் ஓடுகிறவர்களைப் பார்த்து, "இவங்க நாளைக்கும் வருவாங்களாப்பா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் ஒலியைக் கூட்டினான்.