எண் இல்லாத துப்பாக்கி

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட உரிமங்களே என் ஆய்வுப் பொருள். ஆவணக் காப்பகத்தில் நான் புரட்டும் தாள்களில் உரிமம் பெற்றவரின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்பது போன்ற காரணமும் இருக்கும். துப்பாக்கி மட்டும் இராது. பொருள் மறைந்து எழுத்து எஞ்சிய உலகம் அது.

அண்மையில் இதற்கு நேர்மாறான ஒன்று வந்து சேர்ந்தது. விஸ்கான்சினில் ஆய்வு செய்யும் தோழி, தான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான மூதாட்டிக்காக ஓர் உதவி கேட்டாள். மறைந்த கணவரின் துப்பாக்கியை அம்மூதாட்டி பேரனிடம் ஒப்படைக்கவிருக்கிறார். அதன் வரலாற்றை அரைப் பக்கத்தில் எழுதித் தர வேண்டும். படங்கள் உடன் வந்தன.

அது ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் 87ஆம் மாதிரி. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் .22 துப்பாக்கி. பக்கவாட்டில் மீனின் செவுள்போல வரிசையாக வெட்டுகள் இருப்பதால் அமெரிக்கர்கள் இதைச் ‘செவுள் துப்பாக்கி’ என்பர். சுட்டதும் போல்ட் பின்னே சென்று நின்றுவிடும். விசையிலிருந்து விரலை எடுத்த பின்பே முன்னே வரும்.

.22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. ஊசி அவ்விளிம்பை நசுக்கினால் தோட்டா வெடிக்கும். நசுங்கிய பித்தளைக் கூட்டை மீண்டும் பயன்படுத்த இயலாது. ஆயினும் விலை மலிவு, தோளில் உதைப்பதும் குறைவு. பண்ணை வீட்டுச் சிறுவரின் முதல் துப்பாக்கி பெரும்பாலும் இதுவே. கல்லூரி நாள்களில் என்.சி.சி. முகாமில் நான் சுட்டதும் .22தான், அதை விளையாட்டுப் பொருளாகவே அன்று எண்ணினோம்.

வரிசை எண்ணைத் தேடினேன். இல்லை. 1968 வரை இத்தகைய .22 நீள் துப்பாக்கிகளில் எண் பொறிப்பது அங்கே கட்டாயமன்று. அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும், ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கென்னடியைக் கொன்றது .22 கைத்துப்பாக்கி. அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்பின் செய்யப்படும் ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும் என்றாயிற்று. இது அதற்கு முன்பே பிறந்தது.

எண் இல்லாத பொருளுக்குத் தேய்மானமே பதிவேடு. நடக்கும்போது கை பற்றும் இடத்தில் நீலக் கருமைப் பூச்சு அழிந்து வெள்ளிரும்பு தெரிந்தது. மரக் கட்டையின் இடப்புறத்தில் கன்னம் பதிந்து பதிந்து மெருகேறியிருந்தது. ஆகவே வலத் தோளில் வைத்துச் சுட்டவர். மேலே எல் பாசோவில் செய்யப்பட்ட வீவர் தொலைநோக்கி, நான்கு மடங்கு உருப்பெருக்குவது. அதைப் பொருத்திய திருகுத் துளைகள் சற்றே கோணியிருந்தன. தொழிற்சாலையில் இட்டவை அல்ல, வீட்டில் இட்டவை. கண் மங்கிய வயதில் வாங்கியிருப்பார் என்று எழுதக் கை பரபரத்தது. சான்று இல்லாததால் எழுதவில்லை.

எழுதி முடித்ததும் ஒன்று உறுத்தியது. நான் கண்டவை அனைத்தும் துப்பாக்கிக்குப் பின்னால் நின்ற மனிதரைப் பற்றியவை. அதன் முன்னால் நின்றது எது என்பதை எந்தத் தேய்மானமும் சொல்வதில்லை. என் காப்பகத் தாள்களும் அவ்வாறே: காரணத்தைச் சொல்லும், நிகழ்ந்ததைச் சொல்லாது. ஒரு துப்பாக்கியின் வரலாற்றில் பாதி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே தாளின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டு, ‘இதை உங்கள் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்’ என்று பேரனுக்குக் குறிப்பு எழுதினேன்.

பேரன் கேட்டிருக்கிறான். அணில், முயல் பற்றிப் பாட்டி சொல்வார் என்று எதிர்பார்த்தானாம். அவர் முதலில் சொன்னது, கால் முறிந்து எழ முடியாமற்போன தங்கள் கறவை மாட்டைப் பற்றி. கணவர் அதன் அருகில் நெடுநேரம் அமர்ந்திருந்து, பின் சுட்டாராம். அன்றிரவு வீட்டில் எவரும் உண்ணவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறான்.